கணவாய்க்கு ஒவ்வாத சக்கரம்

கதவு படாரென்று சாத்திக்கொண்டபோது காற்றாக இருக்கும் என்றுதான் ரேடியோ நினைத்தான். வெளியே கொண்டி விழுந்து, அதன் மேல் பூட்டு அழுந்தும் சத்தமும் கேட்ட பிறகுதான், காற்றுக்குப் பூட்டுப் போடத் தெரியாது என்பது அவன் மண்டையில் உறைத்தது.

“மேடம், நம்மள உள்ள வச்சுப் பூட்டிட்டாங்க.”

“கேட்டுச்சு” என்றாள் சர்வேயர். குனிந்த தலை நிமிரவில்லை.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக இடிபட்ட கார்களைப் பார்த்துப் பார்த்தே பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். வேலையை விட்டுத் துப்பறிய வந்த பிறகும் அந்தப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஒரு டப்பா நசுங்கியிருந்தால்கூட அது தானாக நசுங்கியதா, யாராவது நசுக்கினார்களா என்று கேட்காமல் அவளால் குப்பையில் போட முடியாது. உதவிக்கு இருப்பவனுக்கு ரேடியோ என்ற பெயர் ஏன் வந்தது என்பதற்கு விளக்கம் தேவையில்லை. அவனோடு ஒரே பஸ்ஸில் பயணம் செய்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இப்போது இருவரும் நின்றுகொண்டிருந்தது ஒரு சைக்கிள் பந்தய அணியின் சக்கரக் கிடங்கில். கிடங்கு என்பது மரியாதைக்குச் சொல்வது. அணி அலுவலகத்தின் பின்புற முற்றத்தில் கிடந்த சரக்குக் கன்டெய்னர் அது. நாலு பக்கமும் இரும்பு, ஜன்னல் கிடையாது. கடைக்கோடியில் கைக்குட்டை அகலத்துக்கு ஒரு கம்பிவலைத் துவாரம். கூரைக் கொக்கிகளில் சக்கரங்கள் ஜோடி ஜோடியாகத் தொங்கின. மதிய வெயில் மேலே நின்று காய்ச்சிக்கொண்டிருந்தது.

ரேடியோ கைபேசியை எடுத்து நாலு மூலைக்கும் காட்டினான். சிக்னல் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கதவில் ஓங்கி ஓர் உதை விட்டான். வலித்தது அவன் காலுக்குத்தான்.

“மேனேஜர் வேலைதான் மேடம் இது. நாம உள்ள வர்றப்பவே அந்த ஆளு மூஞ்சி சரியில்ல.”

“எப்பவாவது சரியா இருந்திருக்கா?”

“அதுவும் வாஸ்தவம்தான். ஆனா சாயந்திரத்துக்குள்ள நாம வெளிய போகலன்னா மாமா கதை முடிஞ்சுது.”

இதைச் சொல்லும்போது ரேடியோவின் குரலில் கிண்டல் இல்லை. மாமா என்றால் அவன் அக்காவின் கணவர், இந்த அணியின் மெக்கானிக். மூன்று நாளுக்கு முன் மலைப் பந்தயத்தில், கணவாயைத் தாண்டி இறங்கும்போது அணியின் முதல் வீரன் தூக்கி எறியப்பட்டான். இன்னும் ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை. மறுநாள் பார்த்தபோது அந்தச் சைக்கிளில் இருந்தவை அகல ரிம் சக்கரங்கள். பக்கக்காற்று அடிக்கும் கணவாய்க்கு அதை மாட்டியது யார் என்று கேட்டார்கள். “நான்தான். கணக்குத் தப்பிடுச்சு” என்று மாமா தலையைக் குனிந்துகொண்டார். அலுவலகத்தில் விசாரணைக் குழு உட்கார்ந்திருக்கிறது. இன்று மாலை அவர் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், இனி ஆயுளுக்கும் எந்த அணியின் சைக்கிளையும் தொட முடியாது.

ரேடியோதான் சர்வேயரிடம் கெஞ்சிக் கூத்தாடி இந்த வழக்கை எடுக்க வைத்தான். மாமா வேண்டாம் என்றார். ஒரு தடவை இல்லை, பல தடவை. மானஸ்தர், கூச்சப்படுகிறார் என்று ரேடியோ விட்டுவிட்டான். சாவியை வாங்கி வந்து கிடங்கைத் திறந்துவிட்டது அக்கா. பேயறைந்த முகத்தோடு “சீக்கிரம் பாத்துட்டு வாங்க” என்றவள், சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். அந்தச் சாவிதான் இப்போது எவன் கையிலோ.

“உதைச்சது போதும். இங்க வா” என்றாள் சர்வேயர்.

ஸ்டாண்டில் அந்தச் சைக்கிள் நின்றது. ஹேண்டில்பார் முறுக்கிக்கொண்டு, சீட் கிழிந்து, பின் சக்கரத்தைப் பிடிக்கும் சட்டம் விரிசல் விட்டிருந்தது. சக்கரங்கள் இரண்டிலும் ரிம் உள்ளங்கை அகலம். அதில் விளம்பரக் கம்பெனியின் பெயர் ஊருக்கே தெரியும்படி எழுதியிருந்தது.

“இந்தச் சக்கரத்துல அப்படி என்ன தப்பு? எனக்குச் சொல்லு.”

“என்கிட்டயா கேக்குறீங்க? ஏழு வருஷமா மாமா எனக்குச் சோத்தோட சேத்து இதைத்தான் ஊட்டிட்டிருக்கார்.” ரேடியோ உற்சாகமாகிவிட்டான். “மலை ஏறணும்னா ஒல்லி ரிம். எடை கம்மி, கால் தப்பிச்சுது. சமதரைல காத்து இல்லாத நாள்னா இந்த அகல ரிம், காத்தைக் கிழிச்சுட்டுப் போகும். ஆனா பக்கத்துலேர்ந்து காத்து அடிச்சா இதே ரிம்மு பாய்மரம் மாதிரி. பின்னால மாட்டினாக்கூட சமாளிச்சுக்கலாம், முன்னால மாட்டினா ஹேண்டிலைக் கையிலேர்ந்து பிடுங்கிடும். ஒரு நாள் சாப்பிட்ட தட்டை ஃபேனுக்கு முன்னாடி நீட்டிக் காட்டினார். தட்டு பறந்துபோய் அக்கா மேல விழுந்துச்சு. அன்னிக்குப் பாடம் எனக்கு, பரீட்சை அவருக்கு.”

“அப்ப அவர் கணவாய்க்கு இதை மாட்டுவாரா?”

“கனவுலகூட மாட்ட மாட்டார். காலைல எந்திரிச்சதும் சாமி படத்தைப் பாக்கறதுக்கு முன்னாடி காத்து எந்தப் பக்கம்னு பாக்கற ஆளு. அதனாலதான் சொல்றேன், இது மேனேஜர் வேலை. ஒல்லி ரிம்முல விளம்பரம் எழுத இடம் ஏது? டிவில பேர் தெரியணும்னு கடைசி நேரத்துல மாத்தச் சொல்லியிருப்பார். இப்ப மாமா தலைல கட்டிட்டு ஒதுங்கிட்டார்.”

“நல்ல கதை” என்றபடி சர்வேயர் ரிம்மின் பக்கவாட்டில் விரலை ஓட்டினாள். அங்கே கீறல்கள் இருந்தன, நிறைய. “ஆனா சாலைல விழுந்த வண்டி இப்படிக் கீறாது. ஒரு இடத்துல ஆழமா இருக்கும், ஒரு இடத்துல தொடவே தொடாது. இது எல்லாம் ஒரே திசை, ஒரே ஆழம். பாத்திரம் தேய்ச்ச மாதிரி. க்ளெய்ம் வாங்கறதுக்காகத் தன் காரையே சுவத்துல உரசிட்டு வர்றவங்க இப்படித்தான் கீறுவாங்க. எனக்கு அவங்க எல்லாரும் சொந்தக்காரங்க மாதிரி.”

ரேடியோ குனிந்து பார்த்தான். வியர்வை மூக்கு நுனியிலிருந்து ரிம்மில் சொட்டியது.

“இன்னும் கீழ பாரு. பிரேக் கட்டை.”

சக்கரத்தை இரண்டு பக்கமும் கவ்வும் அந்தச் சின்னக் கட்டைகள் மஞ்சளாக, மழமழவென்று இருந்தன.

“இதுக்கென்ன? இந்த அகல ரிம்மு கார்பன், அதுக்கு மஞ்சக் கட்டைதான் போடணும். ஒல்லி ரிம்மு அலுமினியம், அதுக்குக் கறுப்பு. மாத்திப் போட்டா ரிம்மு காலி. சரியாத்தானே இருக்கு?”

“சரியா இருக்கு. புதுசாவும் இருக்கு. அன்னிக்குப் பையன் மலை உச்சிலேர்ந்து எவ்வளவு தூரம் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே இறங்கியிருக்கான்? இந்தக் கட்டைல ஒரு தேய்மானம் இருக்கா, ஒரு தூசி இருக்கா?”

ரேடியோ கட்டையைத் தடவிப் பார்த்தான். கடையில் அட்டையிலிருந்து பிரித்த பிசுபிசுப்புகூடப் போகவில்லை. 

“இந்தச் சக்கரம் மலைலேர்ந்து இறங்கவே இல்ல!”

“இல்ல.”

“பையன் விழுந்ததுக்கு அப்புறம் யாரோ மாட்டியிருக்காங்க! மாமா மாட்டினது ஒல்லிச் சக்கரம்தான்! மேடம், உங்க காலைக் காட்டுங்க, விழுந்துடறேன்!” ரேடியோ கதவுக்கு ஓடிப்போய் இரண்டு கையாலும் அடித்தான். “யோவ் மேனேஜர்! உன் பருப்பு வேகாதுய்யா! கதவைத் திற!”

வெளியே யாரும் பதில் சொல்லவில்லை. அவன் திரும்பிப் பார்த்தபோது சர்வேயர் கருவிப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். சந்தோஷப்படுகிறவள் உட்காரும் தோரணை இல்லை அது.

“ஒரு சந்தேகம், ரேடியோ. நீ ஒரு மெக்கானிக் மேல பழி போடணும். ராத்திரியோட ராத்திரியா சக்கரத்தை மாத்தறே. பிரேக் கட்டையையும் மாத்துவியா?”

“நான் எதுக்கு மாத்தணும்? அந்தச் சைக்கிள் இனிமே ஓடப்போறதே இல்லையே. அதுவும் கறுப்புக் கட்டையை அப்படியே விட்டா மெக்கானிக்குத்தான் இன்னும் கெட்ட பேரு.”

“அதான். மேனேஜருக்கு அந்தக் கட்டைக்கும் இந்தக் கட்டைக்கும் வித்தியாசம் தெரியுமா?”

“அவருக்குக் காத்தடிக்கிற பம்ப்புல எந்தப் பக்கம் காத்து வரும்னே தெரியாது.”

“அப்ப உடைஞ்சு கிடக்கற சைக்கிள்லகூட, தப்பான கட்டையோட ஒரு சக்கரத்தை மாட்ட மனசு வராத ஆளு யாரு?”

ரேடியோவுக்குத் தெரிந்து உலகத்தில் அப்படி ஒரே ஓர் ஆள்தான் உண்டு. வாடகை சைக்கிளாக இருந்தாலும் கழற்றித் துடைத்துத்தான் திருப்பிக் கொடுப்பார்.

“மாமாவா? அவரே எதுக்குத் தன் தலைல மண்ணை வாரிப் போட்டுக்கணும்?”

“அந்த ஒல்லிச் சக்கரத்தைப் பாத்தா தெரியும். அவர் அதைத் தூக்கி எறிஞ்சிருப்பாரா?”

“எறிய மாட்டார். துருப்பிடிச்ச கம்பியைக்கூட எடுத்து வைப்பார்.”

“அப்ப இங்கதான் இருக்கு. தேடு.”

கொக்கிகளில் தொங்கிய ஜோடிகள் எல்லாம் துணிப் பைக்குள் இருந்தன. எல்லாப் பைகளின் ஜிப்பும் பாதி திறந்து கிடந்தது. ஈரம் தங்கினால் உள்ளே பேரிங் போய்விடும், ஜிப்பை மூடாதே என்று மாமா காட்டுக் கத்தல் கத்துவார். மூலையில், மழைக்கால டயர்களுக்குப் பின்னால், ஒரே ஒரு பை மட்டும் கழுத்து வரை இழுத்து மூடியிருந்தது. ரேடியோவின் கால் அந்தப் பக்கம் போக மறுத்தது. போனான்.

ஜிப்பைத் திறந்தான்; உள்ளே ஒல்லி ரிம் ஜோடி. முன் சக்கரம் நன்றாகத்தான் இருந்தது. பின் சக்கரம் பின்பக்கத்திலிருந்து உள்வாங்கி, கம்பிகள் நாலைந்து அறுந்து, அப்பளம்போல வளைந்திருந்தது. உள்வாங்கிய இடத்தில், ரிம்மோடு ஒட்டி, ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டை பெயிண்ட்.

சர்வேயர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. தூரத்திலிருந்தே பார்த்தாள்.

“பம்பர். பின்னாலேர்ந்து கார் இடிச்சிருக்கு. பையனைத் தள்ளினது காத்து இல்ல.”

அணியின் கார்கள் இரண்டு. இரண்டும் ஆரஞ்சு. மேனேஜரின் கார் அன்று முன்னால் போன கூட்டத்தோடு போய்விட்டது. பின்னால் வந்த காரில் மாற்றுச் சக்கரங்களோடு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தவர் மாமா. ஓட்டியது அக்கா. மாமாவுக்குச் சக்கரம், அக்காவுக்கு ஸ்டீயரிங், வீட்டில் யாரும் நடக்கவே மாட்டார்கள் என்று ரேடியோவே எத்தனை தடவை கேலி செய்திருக்கிறான்.

“சக்கரத் தப்புன்னா வேலையோட போச்சு” என்றாள் சர்வேயர் மெதுவாக. “கார்ல இடிச்சுட்டுச் சொல்லாம இருந்தா ஜெயில். உன் மாமா ரெண்டையும் எடை போட்டுப் பாத்திருக்கார்.”

“இருக்காது மேடம்” என்றான் ரேடியோ. இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்தது.

அக்காவின் அந்தப் பேயறைந்த முகம் கண் முன் வந்தது. அம்மா போன பிறகு அவனுக்குத் தலை வாரிவிட்டவள் அவள். அவன் படிக்க வேண்டும் என்று லாரி ஓட்டியவள். இந்த இரும்புப் பெட்டிக்குள் வந்தது மாமாவை மீட்க. மீட்க ஒரே வழி அக்காவைப் பிடித்துக் கொடுப்பது. கதவு பூட்டியிருந்ததைவிட இதுதான் அவனுக்கு மூச்சு முட்டியது. பேசாமல் பூட்டியபடியே இருந்து, மாமா கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு யாராவது திறந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான். நினைத்ததற்காக வெட்கப்பட்டான். வெட்கப்பட்டுக்கொண்டே மறுபடி நினைத்தான்.

முற்றத்தில் யாரோ நடந்து போகும் சத்தம் கேட்டது. சர்வேயர் கருவிப் பெட்டியை இழுத்துக்கொண்டு கடைக்கோடித் துவாரத்துக்குப் போனாள். அதன் மேல் ஏறி நின்று, வலையில் வாயை வைத்து, “யாரங்க? கதவைத் திறங்க!” என்று கூப்பிட்டாள்.

அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

ரேடியோவின் கைக்கெட்டும் தூரத்தில், அலமாரியில் பெயிண்டைக் கரைக்கும் தின்னர் டப்பா இருந்தது. பக்கத்தில் மாமாவின் துடைக்கும் துணி. ஒரு நொடி அவன் கை சும்மா இருந்தது. பிறகு சும்மா இருக்கவில்லை. துணியை நனைத்து ரிம்மை அழுத்தித் துடைத்தான். ஆரஞ்சு கரைந்து துணிக்கு வந்தது. வெறும் அலுமினியம் பளபளத்தது. துணியைச் சுருட்டிக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டான். தின்னர் தொடையில் சுரீரென்று எரிந்தது.

சர்வேயர் இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தாள். கொண்டி விலகும் சத்தம் கேட்டது கதவுப் பக்கம்.

வெளிச்சத்தில் அக்கா நின்றாள். கையில் சாவி. மூச்சு வாங்கியது.

“நீயாக்கா பூட்டின?”

“நான்தான். நான் எங்க போறேன்னு தெரிஞ்சா நீ என் காலைக் கட்டிப் போட்டிருப்ப. இல்லன்னா எனக்கு முன்னாடி போய் எனக்காகப் பொய் சொல்லியிருப்ப.” அக்கா உள்ளே வந்தாள். “குழுகிட்டப் போய் எல்லாத்தையும் சொல்லிட்டேன்டா. பையன் தண்ணி கேட்டான்னு பக்கத்துல போனேன். காத்து ஒரு அடி அடிச்சுது, வண்டி ஒதுங்கிடுச்சு, பம்பர் பட்டுடுச்சு. என் தப்பு. உன் மாமா அன்னிக்கே என் வாயை அடைச்சுட்டார்.”

“என்ன சொன்னாங்க?”

“நம்பல. புருஷனைக் காப்பாத்தப் பொண்டாட்டி கதை விடறான்னு சிரிக்கிறாங்க. பம்பரை அவர் அன்னிக்கே மாத்திப் பெயிண்ட் அடிச்சுட்டார். பேனாவைக் கையில வச்சுக்கிட்டு, ‘இவ சொல்றதைக் கேக்காதீங்க, சக்கரம் என் தப்புதான்’னு உட்கார்ந்திருக்கார் அந்த மனுஷன். அந்தப் பழைய சக்கரத்தை அவர் எறிஞ்சிருக்க மாட்டார்டா. அது இங்கதான் இருக்கணும். அதுல பெயிண்ட் இருக்கு, நான் பாத்தேன்.”

அப்போதுதான் அவன் கையில் இருந்த சக்கரத்தைக் கவனித்தாள். வாங்கினாள். வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அவள் முகம் மாறியது. மூக்கைச் சுளித்து மோந்து பார்த்தாள்.

“டேய். என்னடா பண்ணின?”

“உனக்காகத்தான்க்கா.”

“எனக்காகவா?” அக்காவின் குரல் உடைந்தது. “நேத்து ஆஸ்பத்திரில அந்தப் பையனோட அம்மா இவரைப் பாத்துக் கேட்டாங்கடா. ‘இத்தனை வருஷம் இந்த வேலை பாக்கறீங்க, காத்து அடிக்கும்னு தெரியாமப் போச்சா உங்களுக்கு’ன்னு. காத்து தெரியாதவன்னு அவரைச் சொன்னாங்க. அவரை! தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னார். நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். ஜெயிலுக்குப் போனா ஒரு நாள் திரும்பி வந்துடுவேன். அதைப் பாத்துட்டு நான் எங்கடா திரும்பி வர்றது?”

சர்வேயர் பெட்டியிலிருந்து இறங்கி வந்தாள். சக்கரத்தைப் பார்த்தாள், திறந்து கிடந்த தின்னர் டப்பாவைப் பார்த்தாள். ரேடியோவைத் திட்டவில்லை.

“பெயிண்ட் எங்கேயும் போயிடாது, ரேடியோ. ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்குத்தான் போகும்” என்றாள். “துடைச்ச துணி எங்க?”

ரேடியோ திறந்த கதவைப் பார்த்தான். முற்றத்தைத் தாண்டினால் தெரு. ஓடலாம். துணியைச் சாக்கடையில் போடலாம். மாமா கையெழுத்துப் போடுவார், அக்கா வீட்டில் இருப்பாள், இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். அதை அவனால் எத்தனை வருஷம் பார்க்க முடியும் என்று தெரியவில்லை. ஆனால் இந்தத் துணியைக் கொடுத்தால், நாளைக்கு அக்கா இருக்கும் இடத்துக்கும் வெளியிலிருந்து பூட்டுகிற கதவுதான்.

“தம்பி” என்று அக்கா கையை நீட்டினாள்.

“இதைக் கொடுத்தா, துடைச்சது யாருன்னு கேப்பாங்கக்கா.”

“கேப்பாங்க. சொல்லணும்.”

“என்னையும் உள்ள போடுவாங்க.”

“போட்டாலும் போடுவாங்க” என்றாள் அக்கா. கண்ணீரைத் துடைக்கவில்லை, நீட்டிய கையையும் இறக்கவில்லை.

ரேடியோ பைக்குள் கைவிட்டுத் துணியை எடுத்தான். ஆரஞ்சுக் கறை இன்னும் ஈரமாக இருந்தது. அதை அக்காவின் உள்ளங்கையில் வைத்தான். சர்வேயர் சக்கரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

துணி கொடுத்த அவன் கையை அக்கா விடவில்லை. விசாரணை அறை வாசல் வரைக்கும் அப்படியே இறுகப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.